தேதியக்கா போட்ட திட்டம்

எந்த ஆபீசுக்குப் போனாலும் அவளுக்கு 'தேதியக்கா' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டுவிடும். வாயைத் திறந்தால் அவள் கேட்பது அந்த ஒன்றைத்தான்: எந்தத் தேதிக்கு முடியும்? கேட்கிற விதத்திலும் ஒரு கெட்டித்தனம் உண்டு. மிரட்ட மாட்டாள், குழைய மாட்டாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தையே பார்த்திருப்பாள். எதிரில் இருப்பவர் எப்பேர்ப்பட்ட கல்லுளிமங்கனாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு தேதியைக் கக்கிவிடுவார்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களை ஊருக்கே தெரியும். அவர்கள் எழுத உட்காருவதற்கு முன்னால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது, யார் எழுதுவது, யார் சோதிப்பது என்று ஒருத்தர் திட்டம் போட வேண்டும். வீடு மாறும்போது கட்டில் முதலில் ஏறட்டும், கண்ணாடிச் சாமான் கடைசியில் ஏறட்டும் என்று லாரிக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி கத்துவாளே, அந்த வேலைதான். கத்துகிற வரைக்கும் எல்லாருக்கும் எரிச்சல். அவள் இல்லாவிட்டால் கண்ணாடி மிஞ்சாது. தேதியக்கா அந்த வேலையில்தான் தலைமுடி நரைத்தவள்.

வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. வந்த இடம் பிடிக்கவில்லை, பிடித்த இடம் வரவில்லை, அப்புறம் எந்த இடமும் வரவில்லை. அம்மாவும் அவளுமாக இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் இருந்தார்கள். அம்மா வாய் ஓயாதவள். கொடியில் துணி காய்வதில் தொடங்கி எதிர்வீட்டுக்காரர் தும்முவது வரைக்கும் அவளுக்கு ஒரு கருத்து இருக்கும். "கொஞ்ச நேரம் சும்மா இரேன்மா" என்று மகள் தினமும் கெஞ்சுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஒரேயடியாகச் சும்மா ஆகிவிட்டாள். அதே வருஷம் கம்பெனியும் ஆபீஸ் வாடகை கட்டி மாளவில்லை என்று எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது.

அதன் பிறகு வீடே ஆபீஸ், ஆபீசே வீடு. கணினித் திரையில் மீட்டிங் நடக்கும். யாரும் முகம் காட்ட மாட்டார்கள். வட்டம் வட்டமாக, உள்ளே பெயரின் முதல் எழுத்துகள்தான் தெரியும். அந்த வட்டங்களிடம் பேசுவதை அவள் பேச்சுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மீட்டிங் இல்லாத நாட்களில் சாயங்காலம் பால் வாங்கக் கடைக்குப் போய் வாயைத் திறந்தால் குரல் கம்மி, காற்றுதான் வரும். காலையிலிருந்து அதுதான் முதல் சொல். தனிமை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டுமே.

வேறு ஊரில் தம்பி இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். சாப்பிட்டியா, உடம்பு எப்படி, மாத்திரை போடறியா என்று கேட்பான். அவளும் சாப்பிட்டேன், நல்லா இருக்கு, போடறேன் என்று பதில் சொல்வாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் விஷயம் இருக்காது. பின்னால் குழந்தைகள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். தம்பி பெண்டாட்டி அதட்டும் சத்தம் கேட்கும். போனை வைத்த பிறகு அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் காதில் நிற்கும். தேதியக்காவுக்கு அந்த வாரத்துக்கு அதுதான் உறவு.

இப்படி இருக்கும்போதுதான் மேனேஜர் அவளை ஓர் இன்ஜினியர் ஆபீசுக்குப் போகச் சொன்னான். வீட்டிலிருந்து முடிகிற காரியம் இல்லை, நேரில் போய் உட்கார்ந்து கேட்டுத்தான் திட்டம் போட வேண்டும் என்றான். குரலில் ஒரு மன்னிப்புத் தொனி. போக வர அலைச்சலாக இருக்குமே என்று அவனுக்குக் கவலை. அவள் அன்றைக்கே இரண்டு புடவையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

அந்த ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றம் கூட வரும். கட்டடம், சின்னப் பாலம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் தூண் எவ்வளவு தடிமன், கம்பி எத்தனை என்று கணக்குப் போட்டு, படம் வரைந்து கொடுப்பது அவர்கள் தொழில். கட்டுவது வேறு ஆட்கள். ஆபீசை நடத்தியவர் பெரிய சார். உருவத்தில் குள்ளம்தான், ஆனாலும் பெரிய சார். கணக்கையும் படத்தையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் செக்கிங் சார். சரியான இடத்தில் மஞ்சள் பென்சில், தப்பான இடத்தில் சிவப்பு. மஞ்சள் பென்சில் நீளமாகவே இருக்கும், சிவப்புதான் விரற்கடையாகத் தேய்ந்திருக்கும். படம் வரைகிறவள் முப்பது சொச்சம் வயதுள்ள ஒருத்தி, இரண்டு பிள்ளைகளின் தாய், அவளை எல்லாரும் டிராயிங்காரி என்றுதான் சொன்னார்கள். அவர்களோடு காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கணக்குப் போடும் இளவட்டங்கள் சிலர்.

அவர்களுக்கு வந்த கஷ்டம் இது. ஒரு படம் ஒரு தடவையோடு முடியாது. வாடிக்கையாளர் ஜன்னலை நகர்த்தச் சொல்வார், மண் பரிசோதனைக்காரர் அடித்தளத்தை ஆழமாக்கச் சொல்வார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் படம் புது எண்ணோடு மறுபடி வரும். போன வருஷம் ஒரு பம்ப் அறைக்குப் பழைய எண் படம் சைட்டுக்குப் போய்ச் சேர்ந்து, படிக்கட்டு ஒரு சாண் குறைவாக நின்றது. கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். பெரிய சார் மானம் போன மாதிரி ஆகிவிட்டார். இனிமேல் கடைசிப் படம் எதுவோ அது மட்டுமே சைட்டுக்குப் போகிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்குத் திட்டம் போடத்தான் தேதியக்கா வந்திருந்தாள்.

ஆபீசின் நடுவில் ஒரு மேசை இருந்தது. நாலு பேர் படுக்கலாம், அவ்வளவு பெரிசு. வரைந்த படத்தையெல்லாம் அச்செடுத்து அதன் மேல்தான் விரிப்பார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை டீ வரும். எல்லாரும் எழுந்து வந்து மேசையைச் சுற்றி உட்காருவார்கள். காகிதம் சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் டீ கிளாஸை வைப்பார்கள். அப்புறம் சண்டை தொடங்கும்.

"இந்தத் தூணை எந்த மகராசன் இங்க நட்டது? வாசல்ல இருந்து உள்ள போறவன் மூக்கு என்ன ஆகும்?" என்பார் செக்கிங் சார்.

"நீங்க சொன்ன இடத்துலதான் சார் நட்டேன்" என்பாள் டிராயிங்காரி.

"நான் சொன்னா? நான் சொன்னா கிணத்துல குதிச்சிடுவியா?"

"கிணத்துக்கு டிராயிங் குடுங்க, யோசிக்கறேன்."

முதல் நாள் தேதியக்கா தள்ளி நின்று வேடிக்கை பார்த்தாள். டிராயிங்காரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கக்கா. தேதி எங்கயும் ஓடிடாது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் கன்னம் வலிப்பது தெரிந்தது, பழக்கம் விட்டுப் போயிருந்தது. மறுநாளும் அந்த நாற்காலி அதே இடத்தில் இருந்தது. யாரும் எடுத்துப் போடவில்லை. அது அவளுடைய நாற்காலி ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் பண்ணியபோது கிணற்றுக்கு டிராயிங் கேட்ட கதையைச் சொன்னாள். செக்கிங் சார் மாதிரியே மூக்கைச் சுருக்கிப் பேசிக் காட்டினாள், போனில் மூக்கு தெரியாது என்பதை மறந்துவிட்டு. தம்பி, "யாருக்கா இவங்கல்லாம்?" என்று கேட்டான். "எங்க ஆபீஸ்காரங்கடா" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

வேலையும் நடந்தது. ஒவ்வொருத்தர் பக்கத்திலும் போய் உட்காருவாள். இதைச் செய்யறீங்க, சரி, அதுக்கப்புறம்? அதுக்கு எத்தனை நாள் ஆகும்? சொன்னதை எழுதிக்கொள்வாள். இந்தப் பக்கம் கேட்டதைத் தன் கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிற பையன்களிடம் சொல்லி, நீங்க செய்ய எத்தனை நாள் என்று கேட்பாள். எல்லாவற்றையும் கூட்டித் திரையில் பட்டை பட்டையாகப் போட்டபோது திட்டம் ஒரு வருஷத்தைத் தாண்டி, அடுத்த வருஷத்து மழைக்காலத்தையும் தாண்டிப் போய் நின்றது. அத்தனை பட்டைக்கும் கீழே, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் நீளமாக ஒரு பட்டை. தேதியக்கா இந்த ஆபீசிலேயே உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள் என்று அதற்குப் பொருள்.

அந்தக் கடைசிப் பட்டையைப் போட்டது அவளேதான். பெரிய திட்டத்துக்கு நேரில் ஓர் ஆள் வேண்டும் என்பது நியாயம்தான், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதைப் போடும்போது அவள் மனசில் நியாயம் இருக்கவில்லை, நாற்காலிதான் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்த மேசையில் உட்காரலாம். அது வேண்டும் அவளுக்கு. பசித்தவளுக்குச் சோறு வேண்டும் என்கிற மாதிரி வேண்டும்.

பெரிய சார் திட்டத்தை மேலோட்டமாகப் பார்த்தார். நீளமாக இருந்ததில் அவருக்குத் திருப்திதான். "தூண் போடறப்பவே ஒண்ணரை மடங்கு சேஃப்டி வச்சுத்தான் போடறோம். திட்டத்துக்கும் வேணும் இல்லையா? அடுத்த வாரம் உட்கார்ந்து முடிச்சுடலாம்மா" என்றார்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஒரு மத்தியானம் சைட்டிலிருந்து போன் வந்தது. டிராயிங்காரிதான் எடுத்தாள். பேசப் பேச அவள் முகம் வெளுத்தது. தண்ணீர்த் தொட்டியின் அடித்தளத்துக்குக் கம்பி கட்டியாகிவிட்டது, கான்கிரீட் வண்டி வழியில் இருக்கிறது, கம்பிக்கட்டு மேஸ்திரிக்கு மட்டும் ஏதோ சந்தேகம், கம்பி குறைவாகத் தெரிகிறதே, படம் சரிதானா என்று கேட்கிறார்கள். படம் சரியில்லை. பழைய எண். இரண்டு நாளைக்கு முன்னால் சைட் ஆள் அவசரமாக வந்தபோது அவள் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. மேசையில் புதுப் படத்துக்கு அடியில் பழையது கிடந்தது. டீ கிளாஸை நகர்த்திய கை மேலே இருந்ததை விட்டு அடியில் இருந்ததை எடுத்திருக்கிறது.

வண்டியைத் தடுத்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. பெரிய சாரும் அதட்டவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் டீ வந்தது, யாரும் சண்டை போடவில்லை. டிராயிங்காரி கிளாஸைத் தொடவேயில்லை.

"தொட்டி நிறைஞ்சப்புறம் இடிஞ்சு உட்கார்ந்திருந்தா கீழ யாரு இருந்திருப்பாங்கக்கா?" என்றாள். "வீட்டுக்குப் போயும் இதேதான் நினைப்பு. சோறு போடறப்போ, எந்த நம்பர் குடுத்தேன், எந்த நம்பர் குடுத்தேன்னு ஓடுது. பெரியவன் ஏதோ கேக்கறான், காதுல விழல." அப்புறம் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "அந்த சாஃப்ட்வேர் எந்தத் தேதிக்குக்கா வரும்?"

ஊரையெல்லாம் கேட்டவளை முதல் தடவையாக ஒருத்தி கேட்டாள்.

"அடுத்த வருஷம். மழை முடிஞ்சு."

"அவ்வளவு நாளா?" என்றாள் டிராயிங்காரி.

தேதியக்கா டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் செக்கிங் சாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், இந்தத் தடவை எதையும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒரு கட்டடத்தின் கணக்கைச் சரிபார்க்க ஒரு வாரம் ஆகும் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் காகிதக் கட்டைப் பிரித்தவர் மறுநாள் சாப்பாட்டு வேளைக்குள் முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"ஒரு வாரம்னு சொன்னீங்களே சார்?"

"அது சேஃப்டிக்குமா" என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

டிராயிங்காரியைக் கேட்டாள். ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் சொன்னதாக அவளும் ஒப்புக்கொண்டாள், சேஃப்டிக்கு. அதன் மேல் பெரிய சார் பாதி கூட்டியிருந்தார், அவருக்குத் தெரிந்த சேஃப்டி. அதைப் பார்த்துச் சாஃப்ட்வேர் பையன்கள் தங்கள் பங்குக்கு ஏற்றியிருந்தார்கள். மேனேஜர் ஏற்றியிருந்தான். எல்லாவற்றுக்கும் மேல் தேதியக்கா ஏற்றியிருந்தாள். குழம்புச் சட்டியைத் தாண்டிப் போகிற ஆளெல்லாம் அடுத்தவர் போட்டது தெரியாமல் ஆளுக்கு ஒரு கை உப்புப் போட்ட கதை. கட்டடத்துக்கு ஒரு தடவைதான் சேஃப்டி வைப்பார்கள். இந்தத் திட்டத்துக்கு மாடிக்கு மாடி வைத்திருந்தார்கள், ஒருத்தருக்கும் தப்பாகவே படவில்லை. தொழிலே அதுவாக இருப்பவர்களுக்கு எப்படிப் படும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் உட்கார்ந்து உப்பை எடுத்தாள். ஒவ்வொரு பட்டையாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கழுதை கட்டெறும்பானது. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு தடவை கொஞ்சம் கூடுதல் நாள் வைத்தாள். அப்படியும் திட்டம் இந்த மழைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. இவ்வளவு சின்ன வேலைக்கு அங்கே போய் உட்கார ஓர் ஆள் எதற்கு? கேட்டறிகிற கட்டத்துக்கு மட்டும் போதும். அந்தக் கட்டம்தான் முடிந்துவிட்டதே.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்றும் இருந்தது. படம் எங்கே தேங்குகிறது, எங்கே பழையதும் புதியதும் கலக்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தால் எல்லாக் கோடும் அந்த மேசைக்குத்தான் போயின. காலை டீ வரைக்கும் படம் அங்கே காத்துக் கிடக்கிறது, சாயங்கால டீ வரைக்கும் மறுபடி கிடக்கிறது. ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதும் அங்கேதான். நோய் மேசையில் இருந்தது. வரைந்த படம் திரையிலேயே செக்கிங் சாருக்குப் போய், திரையிலேயே திரும்பி வந்து, காகிதமே எடுக்காமல் சைட்டுக்குப் போனால்தான் இந்தத் தப்பு அறும். அவள் போட்ட திட்டங்களிலேயே இதுதான் சுத்தமான திட்டம். அதில் மேசைக்கு இடம் இல்லை.

பழைய திட்டமும் கணினியில் இருந்தது. புதியதும் இருந்தது. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் பெரிய சார் தலையாட்டுவார். அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா இருந்திருந்தால் கேட்காமலே ஏதாவது சொல்லியிருப்பாள், திட்டியாவது இருப்பாள்.

தம்பியின் போன் வந்தது. இன்றைக்கு அங்கே சத்தம் ரொம்ப அதிகம். "சண்டே கூட நிம்மதி இல்லக்கா. ஒண்ணு அழுவுது, ஒண்ணு அடம் பிடிக்குது. உனக்கு என்ன, யாரு தொந்தரவும் இல்லாம ராணி மாதிரி இருக்க" என்றான்.

"ஆமாண்டா" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் லைன்ல இரேன்."

"என்னக்கா, ஏதாவது விஷயமா?"

"ஒண்ணும் இல்ல. பிள்ளைங்க சத்தம் கேக்குது. கேட்டுட்டு இருக்கேன்."

அவன் இருந்தான், கொஞ்ச நேரம். பிறகு யாரோ விழுந்து அழும் சத்தம் கேட்டு ஓடிவிட்டான். தேதியக்கா பழைய திட்டத்தை அழித்தாள். பெரிய தியாகம் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. சோறு போடும்போதும் எண்களை நினைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் முகம் கண்முன் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. அது வராமல் இருந்திருந்தால் பழையதைத்தான் எடுத்துப் போயிருப்பாள்.

பெரிய சார் புதுத் திட்டத்தைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பாதிக்கும் கீழ வந்துடுச்சே. மந்திரம் ஏதாவது போட்டீங்களா?" என்றவர், விரலால் கீழே தேடினார். "நீங்க இங்க வந்து உட்காரற வேலையும் இல்ல போலிருக்கே?"

"இல்ல சார். வீட்ல இருந்தே பாத்துக்கலாம்."

"நல்லதாப் போச்சு. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அதை இவ்வளவு நேர்த்தியாகத் தேதி போட்டு யாரும் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் மேசையில் டீயோடு பிஸ்கட்டும் வந்தது. டிராயிங்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மழைக்கு முன்னாடியேவாக்கா? நிஜமாவா?" என்று நாலு தடவை கேட்டாள். அதில் தேதியக்காவுக்குச் சந்தோஷம்தான். பொய் இல்லை. சந்தோஷத்தோடு படியிறங்கி, சந்தோஷத்தோடு பஸ் ஏறி, வீட்டுக் கதவைத் திறந்து விளக்கைப் போட்ட பிறகுதான் இனிமேல் புடவை இஸ்திரி போடத் தேவையில்லை என்பது உறைத்தது.

சாஃப்ட்வேர் சொன்ன தேதிக்கு முடிந்தது. அவள் வீட்டிலிருந்தே வட்டங்களோடு பேசி முடித்துக் கொடுத்தாள். மேனேஜர் பாராட்டி ஒரு வரி எழுதினான், அடுத்த திட்டத்தைத் தலையில் வைத்தான். அதற்கு நேரில் போகிற வேலை கிடையாது.

மழை தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து, அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்ததால் ஆபீசை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் டயர் கடைகள். அவளிடம் சைக்கிள்கூட இல்லை. சாயங்கால டீ வருகிற நேரமாகப் பார்த்துத்தான் படியேறினாள்.

மேசை இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு புது இருக்கைகள் போட்டு, ஆளுக்கு ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். டீக்காரர் தட்டோடு நுழைந்து ஒவ்வொருத்தர் பக்கத்திலும் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டே போனார். தலை நிமிராமல் கைகள் மட்டும் எடுத்தன. ஆபீஸ் அவ்வளவு அமைதியாக இருந்தது, கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது.

"அக்கா" என்று டிராயிங்காரி எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். முகம் தெளிந்திருந்தது, கொஞ்சம் சதை பிடித்திருந்தது. "நேரத்துக்கு வீட்டுக்குப் போறேன்கா. ராத்திரி தூங்கறேன். பெரியவனுக்குப் பாடம்கூடச் சொல்லிக் குடுக்கறேன்" என்றாள். அதற்குள் திரையில் சிவப்பாக ஏதோ வந்து நின்றது. "ஒரே நிமிஷம்கா, இதை அனுப்பிட்டு வந்துடறேன்." அனுப்பினாள். இன்னொன்று வந்தது. அதையும் அனுப்பினாள். அனுப்பியது போய்ச் சேர்ந்த இடம் செக்கிங் சாரின் திரை. இரண்டு பேருக்கும் நடுவே நாலு எட்டு வைத்தால் எட்டும் தூரம்தான்.

பெரிய சார் பெருமையோடு சுற்றிக் காட்டினார். "பாருங்க, ஒருத்தர் சீட்டை விட்டு எழுந்திருக்கறது இல்ல. பழைய டிராயிங் ஒண்ணு வெளிய போகல. எல்லாம் உங்க புண்ணியம்." அவளுக்கும் ஒரு டீ சொன்னார். உட்காரக் காலி நாற்காலி எதுவும் கண்ணில் படவில்லை. ஜன்னலோரம் நின்றே குடித்தாள். தன் வீட்டு மௌனத்தைத் தானே மூட்டை கட்டி எடுத்துவந்து இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போனது போல இருந்தது அவளுக்கு. கிளாஸைக் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு எல்லாருக்கும் பொதுவாக, வரேன் என்றாள். டிராயிங்காரி திரையிலிருந்து திரும்பி, அடிக்கடி வாங்கக்கா என்றாள்.

செக்கிங் சார் மட்டும் எழுந்து கூட வந்தார். கீழ்ப்படி வரைக்கும் வந்தார். முட்டி வலிக்காரர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

"முன்னாடியெல்லாம் நாளுக்கு நாலு தடவை டிராயிங்கைத் தூக்கிட்டு அந்தப் பொண்ணு எங்கிட்ட சண்டைக்கு வருவா" என்றார். "இப்போ நான் சிவப்புல ஒரு கோடு போட்டா அது தானாப் போயிடுது. அவ வர வேண்டிய வேலை இல்ல. நானும் வாயைத் திறக்கறது இல்ல. வீட்லயும் யாரும் கிடையாது, உங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியாது. அத்தனை வாரம் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாகும், எத்தனை நாளாகும் என்று கேட்டவள், அதைக் கேட்கவில்லை. அவளுக்கு முகம் சுட்டது.

"உங்க திட்டத்தை நான் உட்கார்ந்து முழுசாப் பாத்தேன்மா. சிவப்புப் பென்சிலோட பாத்தேன். எங்கயாவது ஒரு தப்பு இருக்கும், அதைப் பிடிச்சுச் சொன்னா மேசையைத் திரும்பப் போட்டுடுவாங்கன்னு ஒரு அல்ப ஆசை." அவர் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு தப்பும் இல்ல."

"நானும் தேடினேன் சார்" என்றாள் தேதியக்கா. "அந்த ஞாயித்துக்கிழமை பூரா தேடினேன். கிடைக்கல."

அவர் அவள் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. திரையில் ஏதாவது வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.